பிரிஸ்டல் திவாலானதா? ஒரு விமானக் கம்பெனியும் அதன் எஞ்சின்களும்

பிரிஸ்டல் என்ற பிரிட்டிஷ் கம்பெனி விமானமும் செய்தது, விமான எஞ்சினும் செய்தது. ஆனாலும் இன்னொரு எஞ்சின் கம்பெனியான ரோல்ஸ் ராய்ஸைத் தெரிந்த அளவுக்கு அதை யாருக்கும் தெரியவில்லையே, திவாலாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. திவாலானதா என்பது ஒன்று. விமானத்தையும் எஞ்சினையும் ஒரே வளாகத்தில் செய்த கம்பெனி ஏன் நிலைக்கவில்லை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. 1920-ல் பிரிஸ்டல் வாங்கிய எஞ்சின் கம்பெனிதான் திவாலாகியிருந்தது. 1966-ல் பிரிஸ்டலின் எஞ்சின் தொழிலை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ்தான் 1971-ல் திவாலானது. நடுவில் இருந்த பிரிஸ்டலுக்கு அந்த நிலை வரவே இல்லை. இரண்டாவது கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்லவேண்டும். பிரிஸ்டலின் ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சினை ஓவர்ஹால் செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். எஞ்சினைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிக்குள் நடந்த அரசியல் நான் படித்தறிந்தது. அதில் என் கணிப்பு எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கதை டிராமில் தொடங்குகிறது. பிரிஸ்டல் நகரத்தில் டிராம் வண்டிகளை ஓட்டிய கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் வைட். 1910 பிப்ரவரியில் 25,000 பவுண்டு முதலீட்டில், பிரிட்டிஷ் அண்ட் கலோனியல் ஏரோப்ளேன் கம்பெனி என்ற பெயரில் விமானத் தொழிலை ஆரம்பித்தார். நகரத்தின் வடக்கே ஃபில்டனில் இருந்த டிராம் கொட்டகைகள்தான் முதல் தொழிற்சாலை. அந்தக் காலத்தில் விமானம் செய்தவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசைக் கரைத்த ஆர்வலர்கள். வைட் பங்குச் சந்தையில் ஊறிய வியாபாரி, லாபம் வரும் தொழிலாகவே இதைப் பார்த்தார். பிரான்ஸிலிருந்து லைசென்ஸ் வாங்கிச் செய்த முதல் விமானம் சரியாகப் பறக்கவில்லை. உடனே அதைக் கைவிட்டு, ஃபார்மன் விமானத்தைப் பார்த்துச் செய்ததுதான் பாக்ஸ்கைட். 1910 ஜூலையில் அது பறந்தது. அந்த வருட முடிவிலேயே ஒரு குழு விமானத்தோடு கல்கத்தாவில் வந்து இறங்கிப் பறந்து காட்டியது. 1911 ஜனவரியில் தக்காணத்தில் நடந்த குதிரைப்படைப் பயிற்சியிலும் பாக்ஸ்கைட் உளவு பார்க்கப் பறந்தது. விமானம் செய்யத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத கம்பெனி, அதற்குள் இந்தியா வரை வாடிக்கையாளர் தேடி வந்துவிட்டது.

முதல் உலகப் போரை வேகமாகக் கடந்துவிடலாம். ஃப்ராங்க் பார்ன்வெல் வடிவமைத்த பிரிஸ்டல் ஃபைட்டர் 1917 ஏப்ரலில் முதன்முதலாகப் போருக்குப் போனபோது ஆறு விமானங்களில் நான்கு திரும்பவில்லை. பின்னால் இருப்பவரின் துப்பாக்கியை நம்பிக் கூட்டமாகப் பறந்தது தவறு, ஒற்றை இருக்கை விமானம் போலத் தாக்கவேண்டும் என்று விமானிகள் கண்டுகொண்ட பிறகு அதே விமானம் பேர் வாங்கியது. 5,000-க்கு மேல் செய்தார்கள். ஆனால் அதில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் ஃபால்கன் எஞ்சின். பிரிஸ்டலுக்கென்று எஞ்சின் அப்போது கிடையாது.

அது வந்தது 1920-ல். காஸ்மாஸ் இன்ஜினியரிங் என்ற கம்பெனி திவாலாகி ஏலத்துக்கு வந்தது. அதில் ராய் ஃபெடன் என்ற இன்ஜினியரும் அவருடைய குழுவும், ஜூபிடர் என்ற பாதி முடிந்த ஒன்பது சிலிண்டர் ரேடியல் எஞ்சினும் (சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்கும் வகை) இருந்தன. விமான அமைச்சகம் தூண்டியதால் பிரிஸ்டல் 15,000 பவுண்டுக்கு அதை வாங்கியது. இயக்குநர்களுக்கு அவ்வளவாக விருப்பமில்லை என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிரிஸ்டல் செய்த கொள்முதல்களிலேயே சிறந்தது இதுதான். ஒருவர் செய்யும் விமானம் அவருடைய விமானம்தான். நல்ல எஞ்சினையோ போட்டிக் கம்பெனியும் வாங்கும், வெளிநாடும் வாங்கும். ஜூபிடரை பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் என்று பல நாடுகள் லைசென்ஸ் எடுத்துத் தயாரித்தன. லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த இம்பீரியல் ஏர்வேஸ் தடத்தின் கிழக்குப் பகுதியில் பறந்த ஹேண்ட்லி பேஜ் விமானங்களில் நான்கு ஜூபிடர்கள் இருந்தன. 1933 ஏப்ரல் 1-ல் கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் உருவானபோது அதனிடம் இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள். அவற்றைச் செய்தது வெஸ்ட்லேண்ட். எஞ்சின் பிரிஸ்டல் ஜூபிடர். கம்பெனியின் இரண்டு பிரிவுகளும் வேறு வேறு பாதையில் போனதற்கான விதை இங்கேயே விழுந்துவிட்டது என்பது என் கணிப்பு.

ஃபெடனின் அடுத்த வேலையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எஞ்சின்காரர்கள் இன்றும் வாதாடும் விஷயம் அது. சாதாரண எஞ்சினில் சிலிண்டர் தலையில் வால்வுகள் மேலும் கீழும் போய்வரும். அதிலும் எக்ஸாஸ்ட் வால்வு செக்கச்செவேலென்று காய்ந்து கிடக்கும். அந்தச் சூட்டில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து நாக்கிங் வரும். ஃபெடன் வால்வையே எடுத்துவிட்டார். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றை வைத்தார். அதுதான் ஸ்லீவ். அது மேலும் கீழும் போகும், அதோடு கொஞ்சம் இடமும் வலமும் திரும்பும். அதில் வெட்டியிருக்கும் நான்கு ஜன்னல்கள், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஐந்து ஜன்னல்களோடு ஒவ்வொரு நேரத்தில் ஒவ்வொன்றாகப் பொருந்தி, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே விடும், புகையை வெளியே தள்ளும். ஸ்ப்ரிங் இல்லை, ராக்கர் இல்லை, இடைவெளி அளந்து சரிசெய்யும் தொல்லை இல்லை. ஸ்லீவ் திரும்பிக்கொண்டே இருப்பதால் எண்ணெய்ப் படலமும் சீராகப் பரவும்.

கேட்க அழகாக இருக்கிறது. செய்து முடிக்கத்தான் பல வருடம் ஆனது. அந்தக் குழாய் துளிகூடக் கோணாமல் முழு வட்டமாக இருக்கவேண்டும். சூட்டில் சிலிண்டர் விரியும்போது ஸ்லீவும் அதற்கு ஈடாக விரியவேண்டும். இல்லாவிட்டால் ஒன்று எண்ணெய் குடிக்கும், அல்லது பிடித்துக்கொள்ளும். கைதேர்ந்த ஆள் ஒவ்வொரு ஜோடியாக உரசிப் பொருத்தினால் ஓடும். எந்த ஸ்லீவை எடுத்து எந்தச் சிலிண்டரில் போட்டாலும் ஓடவேண்டும் என்பதுதான் கஷ்டம். சரியான எஃகையும், நைட்ரைடு செய்து கடினப்படுத்தும் முறையையும், தேய்க்கும் முறையையும் கண்டுபிடிக்க 1930-களில் பெரும்பகுதி போனது. கிடைத்த பலன் ஹெர்குலிஸ் என்ற 14 சிலிண்டர் எஞ்சின். 57,000-க்கு மேல் செய்தார்கள். பிறகு 18 சிலிண்டர் சென்டாரஸ். போரின் நடுவே நேப்பியர் கம்பெனியின் சேபர் எஞ்சின் ஸ்லீவ் கோளாறால் தடுமாறியபோது, பிரிஸ்டலின் முறைதான் அதைக் காப்பாற்றியது. சரி, இவ்வளவு செலவும் உழைப்பும் தேவைதானா? அமெரிக்காவில் பிராட் அண்ட் விட்னி, ரைட் என்ற எஞ்சின் கம்பெனிகள் பழைய வால்வை வைத்துக்கொண்டே, சோடியம் நிரப்பிய வால்வு, நல்ல ஆக்டேன் பெட்ரோல் இவற்றின் உதவியோடு அதே சக்தியை எட்டிவிட்டன. ஃபெடன் ஆரம்பித்த காலத்தில் அந்த பெட்ரோல் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அன்றைக்கு அது சரியான முடிவு, பத்து வருடம் கழித்து அவ்வளவு அவசியமில்லாமல் போனது என்பது என் எண்ணம். மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

விமானப் பக்கம் இந்தக் காலத்தில் நடந்த பெரிய விஷயம் பிளென்ஹைம். பத்திரிகை முதலாளி லார்ட் ராதர்மியர் 1934-ல் தனக்கென்று வேகமான பயண விமானம் ஒன்று கேட்டார். பார்ன்வெல் செய்துகொடுத்த உலோக விமானம் 1935-ல் மணிக்கு 307 மைல் வேகம் காட்டியது. விமானப்படையிடம் அப்போது இருந்த சண்டை விமானங்களை அது ஓட்டத்தில் தோற்கடித்தது. ராதர்மியர் அதை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அதிலிருந்து குண்டுவீச்சு விமானமாக வளர்ந்தது பிளென்ஹைம். ஆனால் போர் வருவதற்குள் எதிரியின் விமானங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன.

இலங்கை வாசகர்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1942 ஏப்ரல் 9-ல் திருகோணமலை தாக்கப்பட்ட அன்று, கொழும்பு குதிரைப் பந்தயத் திடலையே ஓடுதளமாக்கி நின்ற 11-வது ஸ்குவாட்ரனின் ஒன்பது பிளென்ஹைம்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தேடிப்போய்க் குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை, ஒன்பதில் ஐந்து விழுந்தன. அந்தக் கப்பற்படை விமானத் தாக்குதலை இப்படி நேருக்கு நேர் சந்தித்தது அதுவே முதல் தடவை. பிளென்ஹைமில் இருந்தது பிரிஸ்டல் மெர்க்குரி எஞ்சின். அவற்றை விழுத்திய ஜப்பானிய ஜீரோ சண்டை விமானங்களில் இருந்தது நகாஜிமா எஞ்சின். 1920-களில் ஜூபிடரை லைசென்ஸில் தயாரித்த ஜப்பானியக் கம்பெனிதான் நகாஜிமா. ஜீரோவின் எஞ்சின் ஜூபிடரின் நேர் வாரிசு என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள், அதை அப்படியே நம்பவேண்டாம். அதற்குள் நகாஜிமா அமெரிக்க, பிரெஞ்சு எஞ்சின்களிலிருந்தும் நிறையக் கற்றுக்கொண்டிருந்தது. ஆரம்பப் பாடம் ஜூபிடர் என்பது மட்டும் சரி.

1942-ல் ஃபெடனுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே வருடம் கம்பெனியை விட்டு வெளியேறினார். பெரிய சம்பளம், பிடிவாதம், இயக்குநர் குழுவோடு ஓயாத சண்டை என்று ஒரு தரப்பு. தொழில் தெரியாத முதலாளிக் குடும்பம் ஒரு மேதையைத் துரத்திவிட்டது என்று இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுகள் என்பதால் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். விளைவு மட்டும் தெளிவு: ஜெட் எஞ்சின் வந்த நேரத்தில், இருபது வருடம் எஞ்சின் பிரிவை நடத்தியவர் அங்கே இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் முந்திக்கொண்டது.

போருக்குப் பிறகு விமானப் பிரிவு எடுத்த பெரிய வேலை பிரபஸோன். நூறு பயணிகளை லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் கொண்டுபோக, சிறகு முனையிலிருந்து முனைக்கு 70 மீட்டர் உள்ள விமானம். போயிங் 747-400-இன் சிறகே 64 மீட்டர் சொச்சம்தான். எட்டு சென்டாரஸ் எஞ்சின்களைச் சிறகுக்குள் ஜோடி ஜோடியாக வைத்தார்கள். ஓடுதளத்தை நீட்டுவதற்காகச் சார்ல்டன் என்ற கிராமத்தையே இடித்தார்கள். 1949 செப்டம்பர் 4-ல் நன்றாகவே பறந்தது. ஒரு ஏர்லைன்கூட வாங்கவில்லை. 1953-ல் உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். பணக்காரர்கள் மட்டும் பறப்பார்கள், அவர்களுக்குப் படுக்கையும் இடமும் வேண்டும் என்று போர்க்காலக் கமிட்டி ஒன்று போட்ட கணக்கில்தான் தவறு. பறக்கும் விதத்தில் விமானத்துக்குப் பெரிய குறை இல்லை.

அடுத்தது பிரிட்டானியா. என் பார்வையில் பிரிஸ்டலின் விதி இந்த விமானத்தில்தான் முடிவானது. நான்கு புரோட்டியஸ் டர்போப்ராப் எஞ்சின்கள் (ஜெட் எஞ்சின் போல ஓடி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் வகை), நீண்ட தூரம், அமைதியான பறப்பு. புரோட்டியஸில் காற்று ஓடும் பாதை விசித்திரமானது. முன்னால் நுழையும் காற்று பின்பக்கம் வரை ஓடி, அங்கே திரும்பி, எதிர்த்திசையில், காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்குள் போகும். 1956-ல் வெப்பமண்டலத் தடங்களில் சோதனையாகப் பறந்தபோது உயரமான மேகங்களில் இருந்த பனித்துகள்கள் அந்தத் திருப்பத்தில் சேர்ந்து கட்டியாகி, பெயர்ந்து கம்ப்ரசருக்குள் விழுந்தன. எஞ்சின் அணைந்துபோனது. ரோல்ஸ் ராய்ஸோடு மனஸ்தாபப்பட்டு 1949-ல் பிரிஸ்டலுக்கு வந்திருந்த இன்ஜினியர் ஸ்டான்லி ஹூக்கர், திருப்பத்தில் சூடான காற்றைப் பீய்ச்சியும், அணைந்தால் தானாகப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக் வைத்தும் சரிசெய்தார். அதற்கு முன்பே, 1954-ல், டச்சு ஏர்லைன் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு பறந்தபோது எஞ்சினின் கியர் உடைந்து தீப்பிடித்து, விமானி பில் பெக் செவெர்ன் ஆற்றுமுகச் சேற்றில் விமானத்தை இறக்கவேண்டி வந்தது. யாரும் சாகவில்லை. விமானம் தேறவில்லை. பிரிட்டானியா பயணிகளோடு பறக்கத் தொடங்கியது 1957 பிப்ரவரியில். லண்டன்–நியூயார்க் தடத்துக்கு வந்தது அந்த வருட டிசம்பரில். 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அதே தடத்துக்கு வந்துவிட்டன. மொத்தம் 85 பிரிட்டானியாதான் செய்தார்கள். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் நூற்றுக்கணக்கில் விற்றிருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாக விற்றிருக்கும் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

எஞ்சின் பிரிவு அந்த வருடங்களில்தான் மறுபடி எழுந்தது. 1950-ல் ஓடத் தொடங்கிய ஒலிம்பஸ் ஜெட் எஞ்சினில் இரண்டு தனித்தனி ஷாஃப்ட் (சுழலும் தண்டு), தனித்தனி வேகத்தில் சுழலும் இரண்டு கம்ப்ரசர். வல்கன் குண்டுவீச்சு விமானத்தில் அது போனது. அப்புறம் வந்ததுதான் ஆர்ஃபியஸ். அதைப் பிரித்துப் போட்டால் ஹூக்கரின் யோசனை கண்ணெதிரே தெரியும். ஏழு அடுக்கு கம்ப்ரசர், அதைச் சுழற்ற, சூடான வாயுவில் ஓடும் ஒரே அடுக்கு டர்பைன். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட், அகலமான, சுவர் மெலிந்த, உள்ளே வெற்றான உருளை. மெல்லிய கம்பியாக இருந்தால் நடுவில் துவளும், அங்கே ஒரு பேரிங் வைக்கவேண்டும், அதற்கு எண்ணெய்க் குழாய், சூட்டிலிருந்து காப்பு என்று வேலை வளரும். அகலமான உருளை விறைப்பாக நிற்பதால் இரண்டு பேரிங் போதும். பிரிக்கவும் பூட்டவும் அவ்வளவு சுலபமான ஜெட் எஞ்சின் என் கைக்கு வேறு வந்ததில்லை.

அந்த எளிமைதான் அதை பெங்களூருக்குக் கொண்டுவந்தது. ஆர்ஃபியஸை லைசென்ஸில் தயாரிப்பதற்காகவே இந்திய அரசின் விமானக் கம்பெனியான ஹெச்.ஏ.எல். 1957-ல் எஞ்சின் பிரிவைத் தொடங்கியது. நாட் சண்டை விமானம் அதில் பறந்தது. ஜெர்மானியரான குர்ட் டாங்க் இந்தியாவுக்காக வடிவமைத்து 1961 ஜூன் 17-ல் பறந்த மாருத் போர்விமானத்தில் இரண்டு ஆர்ஃபியஸ். மாருத் வேகத்தில் ஏமாற்றம் தந்ததற்குக் காரணம் ஆர்ஃபியஸ் மட்டமான எஞ்சின் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது நியாயமில்லை. டாங்க் தன் விமானத்தைக் கணக்குப் போட்டது, வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளை எரித்து விசை கூட்டும் ஆஃப்டர்பர்னரோடு 8,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசை தரவேண்டிய ஆர்ஃபியஸ் 12 என்ற வேறு வகைக்கு. பிரிட்டன் அதற்குப் பணம் தருவதை நிறுத்தியது. மீதிச் செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை. கிடைத்தது 4,850 பவுண்டு உந்துவிசை தரும் சாதாரண ஆர்ஃபியஸ். தவறு டெல்லியுடையதா லண்டனுடையதா என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் இருக்கிறது. எஞ்சின் தனக்குச் சொன்ன வேலையைச் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இனி கம்பெனி மறைந்த விதம். வசதிக்காக 1956-ல் பிரிஸ்டல் தன்னை விமானம், எஞ்சின், கார் என்று தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரித்துக்கொண்டது. (ஆமாம், காரும் செய்தார்கள், போருக்குப் பின் பி.எம்.டபிள்யூ. வடிவங்களை வைத்துத் தொடங்கிய தொழில் அது.) 1957-ல் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ், வருங்காலம் ஏவுகணைகளுக்கே என்று அறிவித்துப் புதிய போர்விமானத் திட்டங்களை வெட்டினார். சேர்ந்து வாருங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது என்பது அரசு கொடுத்த சேதி. எஞ்சின் பிரிவு ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி என்ற இன்னொரு எஞ்சின் கம்பெனியோடு சேர்ந்து பிரிஸ்டல் சிட்லி ஆனது. விமானப் பிரிவு 1960-ல் விக்கர்ஸ், இங்கிலிஷ் எலெக்ட்ரிக் இரண்டோடும் பிரிட்டிஷ் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷனில் சேர்ந்தது. அவை ஆளுக்கு 40 சதவீதம், பிரிஸ்டல் 20. பிரபஸோனும் பிரிட்டானியாவும் காசு கொண்டுவந்திருந்தால் அந்த 20 கூடியிருக்கும். ஆனால் தனியாகத் தப்பியிருக்க முடியாது. பிரிட்டனில் போர்விமானத்துக்கு வாடிக்கையாளர் அரசு ஒன்றுதான், அதனிடம் எல்லோருக்கும் போதுமான பணம் இல்லை. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: விமானப் பிரிவை வீழ்த்தியது இன்ஜினியர்களின் திறமைக் குறைவு இல்லை, சந்தை சிறியதாக இருந்ததும் நேரம் தவறியதும்தான். எஞ்சின் பிரிவை ரோல்ஸ் ராய்ஸ் 1966-ல் வாங்கியது, அது நன்றாக இருந்த காரணத்தால். பிராட் அண்ட் விட்னியோடு அது கைகோத்துவிடும் என்ற பயமும் ரோல்ஸ் ராய்ஸுக்கு இருந்தது.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், வாங்கியபின் ரோல்ஸ் ராய்ஸ் பிரிஸ்டலை அழித்துவிட்டது என்று எழுதியிருந்தார். நடந்தது அப்படி இல்லை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் எஞ்சின், ஒலிம்பஸ் 593, பிரிஸ்டலில்தான் முடிந்தது. பிரிட்டனின் பங்குக்கு வந்த கான்கார்டுகளைப் பூட்டியது, பிரபஸோனுக்காக ஃபில்டனில் கட்டிய அதே பெரிய கூடத்தில். ரோல்ஸ் ராய்ஸ் திவாலான பிறகு அதன் ஆர்.பி.211 எஞ்சினைச் சரிசெய்ய ஓய்விலிருந்து திரும்பி வந்தவர் பிரிஸ்டலின் ஸ்டான்லி ஹூக்கர். செங்குத்தாக எழும் ஹாரியரின் பெகாசஸ் எஞ்சின், ஆர்ஃபியஸை நடுவில் வைத்து, ஒலிம்பஸ் கம்ப்ரசர் அடுக்குகளை முன்னால் பூட்டித் தொடங்கிய வடிவம். 1983-ல் இந்தியக் கடற்படைக்கு வந்த சீ ஹாரியர்கள் அந்த எஞ்சினோடு விராட் கப்பலிலிருந்து பறந்து 2016-ல் ஓய்வு பெற்றன. ஃபில்டன் ஓடுதளத்தை 2012-ல் மூடிவிட்டார்கள். ஏர்பஸ் அங்கே சிறகு வடிவமைக்கிறது. பக்கத்திலேயே பாட்ச்வேயில் பழைய எஞ்சின் பிரிவு ரோல்ஸ் ராய்ஸ் பெயரில் போர்விமான எஞ்சின் வேலைகளைத் தொடர்கிறது. மாருத்தை நேரில் பார்க்க விரும்பினால் பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் போய் இரண்டு குழாய்களையும் பாருங்கள், ஆர்ஃபியஸ் எவ்வளவு சிறியது என்பது புரியும்.